வாயில்லாச் சீவனின் வாய்க்குள்ளே

மூன்று மீன்களின் கதையை நாம் எல்லோரும் ஆரம்பப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். வருமுன் காப்போன், வரும்போது காப்போன், வந்தபின் காப்போன் என்று அவற்றுக்குப் பெயர். வலையில் அகப்பட்ட மூன்றாவது மீனை நினைத்து வகுப்பே பரிதாபப்படும். உண்மையைச் சொல்லப்போனால், சிதம்பரத்தில் நான் வளர்ந்த வீடு அந்த மூன்றாவது மீனின் வீடு. எங்கள் நாய் மணியின் கதையைச் சொன்னால் அது விளங்கும். இதை நான் கதைக்காகச் சொல்லவில்லை. நம் மாணவியர் வீடுகளில் இன்று வாலை ஆட்டிக்கொண்டிருக்கும் மணிகளுக்காகச் சொல்கிறேன்.

மணி சாதாரண நாட்டு நாய். செம்மண் நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். 1983ஆம் ஆண்டு வாக்கில் அதன் இடக்கண்ணுக்குக் கீழே ஒரு வீக்கம் தோன்றியது. சில நாளில் உடைந்து சீழ் வடிந்தது. ஆயா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போட்டார்கள். ஆறிற்று. இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் வீங்கிற்று. மறுபடியும் மஞ்சள், மறுபடியும் வேப்பிலை. இப்படி ஓராண்டுக்கு மேல் ஓடியது. “யாரோ கல்லால் அடித்திருக்கிறார்கள்” என்று தெருப் பையன்கள் மீது நாங்கள் பழி போட்டோம். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பசுவைப் பார்க்க வந்த மாட்டு டாக்டர், திண்ணையில் படுத்திருந்த மணியைப் பார்த்தார். புண்ணைத் தொடவே இல்லை. மேலுதட்டைத் தூக்கி உள்ளே பார்த்தார். “அம்மா, இது முகத்துப் புண் இல்லை, பல்!” என்றார்.

மேல்தாடையில் இறைச்சியைக் கிழிக்கும் பெரிய கடைவாய்ப்பல் ஒன்று நாய்க்கு உண்டு. அதன் வேர் கண்ணுக்குச் சற்றுக் கீழே வரை செல்லுகிறது. பல் உடைந்தோ ஈறு அழிந்தோ வேரில் சீழ் பிடித்தால், அது வெளியேற வழி தேடிக் கன்னத்தில் உடைகிறது. மேலே எத்தனை பற்றுப் போட்டாலும் என்ன பயன்? மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து அந்தப் பல்லை எடுத்தார். பத்து நாளில் மணி முன்போல ஓடியது. ஓராண்டு முழுவதும் அது பல்வலியோடு நம் சோற்றைத் தின்று, நம் வாசலைக் காத்தது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. வலியைச் சொல்ல வாயில்லை என்கிறோம். வாய் இருந்தது, நாங்கள்தான் அதற்குள் பார்க்கவில்லை.

சென்ற பருவத்தில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். யார் யார் வீட்டில் நாயோ பூனையோ இருக்கிறது? ஏறத்தாழ எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஒவ்வொருத்தியும் தன் செல்லத்தின் பெயரைச் சொல்லத் துடித்தாள். அதன் வாய்க்குள் பார்த்தவர் யார் என்று கேட்டேன். சிரிப்புத்தான் வந்தது, கைகள் வரவில்லை. தடுப்பூசி அட்டை இருக்கிறதா என்றதும் சிரிப்பும் நின்றுவிட்டது. இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த நிமிடத்தில்தான்.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள், பூனைக்கு 30. குட்டியாக இருக்கையில் நாய்க்கு 28 பால்பற்கள் இருந்து, ஆறேழு மாதத்துக்குள் விழுந்து முளைக்கின்றன. நமக்கு வருவதுபோன்ற சொத்தைப் பல் நாய்க்கு அதிகம் வருவதில்லை. அதற்கு வருவது ஈறு நோய். உண்ட உணவின் பசை பல்லில் படிந்து, எச்சிலில் உள்ள சுண்ணச்சத்துச் சேர்ந்து, மஞ்சளும் பழுப்புமாகக் காரை பிடிக்கிறது. காரைக்குக் கீழே கிருமிகள் குடியேறி, ஈறு சிவந்து, பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. மூன்று வயதைத் தாண்டிய நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு இதன் அறிகுறி ஏதேனும் இருக்கும் என்று கால்நடை மருத்துவ நூல்கள் கூறுகின்றன. “நாய் என்றால் வாய் நாறத்தான் செய்யும்” என்று நாம் சொல்லி வருவது தவறு. நாற்றம் நோயின் முதல் கடிதம். ஒரு பக்கமாகவே மெல்லுதல், வாயில் எடுத்த சோற்றைக் கீழே போடுதல், எச்சில் ஒழுகுதல் இவையெல்லாம் அடுத்தடுத்த கடிதங்கள்.

இதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை எனலாம். குட்டியாக இருக்கும்போதே உதட்டைத் தூக்கிப் பார்க்கப் பழக்குங்கள். ஈரமான மெல்லிய துணியை விரலில் சுற்றிப் பல்லின் வெளிப்புறத்தைத் துடையுங்கள். நாம் உபயோகிக்கும் பற்பசை வேண்டாம். நாய் துப்பாது, விழுங்கிவிடும். சைலிட்டால் என்னும் இனிப்புச் சேர்ந்த பற்பசையும் மிட்டாயும் நாய்க்கு விஷம். வேகவைத்த கோழி எலும்பையும், நம் கடற்கரை வீடுகளில் தாராளமாகக் கிடைக்கும் மீன் முள்ளையும் போடாதீர்கள். பிடித்துவிட்ட காரையை வீட்டில் கத்தியால் சுரண்ட முயல வேண்டாம், அது மருத்துவரின் வேலை. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் மறந்துவிடுவேன்: பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை அதைக் கொன்றுவிடக்கூடும்.

மணியின் கதை அத்துடன் முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். பல்லை எடுத்த அன்றே மருத்துவர் அப்பாவிடம், “வெறிநோய் ஊசியும் போட்டுவிடுங்கள், அடுத்த வாரம் கொண்டு வாருங்கள்” என்றார். அடுத்த வாரம் உறவினர் திருமணம்; அதற்கடுத்த வாரம் மழை. பிறகு எல்லோரும் மறந்தே போனோம். ஊசி போடாததற்கு எங்களிடம் இருந்த காரணங்கள் இவ்வளவுதான்.

ஓராண்டுக்குப் பின் ஒருநாள் மணி சாப்பிடவில்லை. குரல் மாறியிருந்தது. கீழ்த்தாடை தொங்க, எச்சில் ஒழுக, மூலையில் போய் அமைதியாகப் படுத்துக்கொண்டது. யாரையும் துரத்தவில்லை, கடிக்கவும் வரவில்லை. முந்தைய பாடம் அப்பாவுக்கு நினைவு வந்தது. பல்லாக இருக்கும், அல்லது தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று எண்ணி, வாய்க்குள் கையை விட்டுத் தேடினார். விரலில் ஏற்கெனவே ஒரு வெட்டுக்காயம் இருந்தது. நான்கு நாளில் மணி இறந்தது. மருத்துவரிடம் ஓடிச் சொன்னபோது அவர் முகம் வெளுத்ததை நான் மறக்கவில்லை. வெறிநோய் என்றால் நாய் ஊரைச் சுற்றிக் கடிக்கும் என்றே நாம் நினைக்கிறோம். ஊமை வெறி என்று ஒன்று உண்டு. அதில் தாடையும் தொண்டையும் செயலிழந்து, நாய் எலும்பு சிக்கியதைப் போலவே தோன்றும். தாடை தொங்கி விழுங்க முடியாமல் இருக்கும் நாயின் வாயில் யாரும் கையை விடலாகாது. மேலே நான் சொன்ன உதட்டைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம், தடுப்பூசி போட்ட, நலமாயிருக்கும் நாய்க்கு மட்டுமே.

அப்பாவுக்கு வயிற்றைச் சுற்றி 14 நாள் ஊசி. தினமும் காலையில் மருத்துவமனைக்குப் போய், கூனிக்கொண்டு திரும்பி வருவார். அந்தப் பதினான்கு நாளும் அம்மா ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை. தண்ணீர்ச் சொம்பை அப்பா கையில் எடுக்கும்போதெல்லாம் வீடே மூச்சை அடக்கிக்கொள்ளும். அப்பா பிழைத்தார். அதற்குப் பல மாதங்கள் கழித்துத்தான் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சிரித்தோம்.

அந்த ஊசிக்கு ஒரு வரலாறு உண்டு. 1885 ஜூலை 6ஆம் நாள் பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்னும் 9 வயதுச் சிறுவனுக்குத் தம் தடுப்பு மருந்தைக் கொடுத்துக் காப்பாற்றினார். நம் நாட்டில் முதல் பாஸ்டர் நிலையம் 1900இல் இமயமலைச் சாரலில் கசௌலியில் தொடங்கிற்று. தென்னாட்டில் நாய் கடித்தால் அவ்வளவு தூரம் ரயிலேற வேண்டும். 1902இல் ஓர் ஆங்கிலேய இளம்பெண் வெறிநோயால் இறந்தபின் எழுந்த கவலையின் விளைவாக 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்தைத்தான் என் தந்தை வயிற்றில் ஏற்றிக்கொண்டார். 2005ஆம் ஆண்டுக்குள் அது நம் நாட்டில் கைவிடப்பட்டது. இப்போதைய மருந்து கையில் போடப்படுகிறது, தடவைகளும் குறைவு, அரசு மருத்துவமனைகளில் இலவசம். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, தாமதமின்றி மருத்துவமனைக்குப் போக வேண்டும். சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் வைத்துக் கட்டும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. வேண்டாம்.

நோய் வெளிப்பட்டுவிட்டால் மருந்தில்லை என்பதுதான் வெறிநோயின் கொடுமை. உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதற்கு இரையாவதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் இந்தியர். வெறிநாய் என ஐயப்படும் விலங்குகளிடம் கடிபடுவோரில் 100க்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள், அதாவது நம் பள்ளிச் சீருடை அணியும் வயதினர். மனிதரை வந்தடையும் வெறிநோய் அநேகமாக முழுவதும் நாய்களின் வழியாகவே வருகிறது. ஓர் ஊரின் நாய்களில் 100க்கு 70க்குத் தடுப்பூசி போட்டால் நோயின் சங்கிலி அறுந்துவிடும். எல்லா நாய்களுக்கும் போட வேண்டும் என்றுகூட இல்லை, பாருங்கள்.

“இதெல்லாம் நம் நாட்டில் நடக்குமா?” என்று கேட்கும் பெற்றோர் உண்டு. நடந்திருக்கிறது. மாடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற வெக்கை நோயை இளம் மாணவியர் கேள்விப்பட்டுக்கூட இருக்கமாட்டார்கள். உங்கள் தாத்தாக்களைக் கேளுங்கள். ஒரே வாரத்தில் தொழுவம் காலியாகும். அத்துடன் குடும்பத்தின் உழவும் பாலும் போகும். 1954இல் நாடு தழுவிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. பனிக்கட்டிப் பெட்டியில் மருந்தைச் சுமந்துகொண்டு கால்நடைத் துறையினர் கிராமம் கிராமமாக நடந்தார்கள். இந்தியாவில் அந்நோய் கடைசியாகக் கண்டறியப்பட்டது 1995இல், அதுவும் நம் தமிழ்நாட்டில். 2011இல் உலகம் முழுவதிலுமே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதன் பூமியிலிருந்து துடைத்தெறிந்த இரண்டாவது நோய் இது. இராணிப்பேட்டையில் 1932இல் தோன்றிய கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இன்றும் நம் ஆடு மாடு கோழிகளுக்குத் தடுப்பு மருந்து தயாரிக்கிறது. பால் தரும் மாட்டுக்கு வருமுன் காத்தோம், ஏனெனில் மாடு பணம். நாய் பணம் தருவதில்லை. ஆகவே மூன்றாவது மீனாக இருந்துவிட்டோம். என் கருத்தில் காரணம் ஏழ்மையன்று, இந்தக் கணக்குத்தான்.

இனி கொசுவைப் பற்றி. கடலூரிலும் சிதம்பரத்திலும் பிறந்த நமக்குக் கொசுவை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. யானைக்கால் நோயையும் நம் பகுதி நெடுங்காலமாக அறியும். சாக்கடைக் கொசு பரப்பும் நூல்போன்ற புழுவால் அது வருகிறது. அந்தப் புழுவின் உறவினம் ஒன்று நாயின் இதயத்தில் வாழ்கிறது. கொசு கடிக்கையில் நுண்ணிய இளம்புழு உள்ளே போய், ஆறேழு மாதத்தில் வளர்ந்து, இதயத்தின் வலப்பக்கத்திலும் நுரையீரலுக்குச் செல்லும் இரத்தக்குழாயிலும் குடியேறுகிறது. பெண்புழு 30 சென்டிமீட்டர் வரை நீளும். அதாவது மாணவியரே, உங்கள் கணிதப் பெட்டியில் வைக்க முடியாத அந்த ஓரடி அளவுகோலின் நீளம்! நாய் இருமும்; சிறிது ஓடினாலே களைக்கும்; வயிறு வீங்கும். நம் நாட்டில் இது வடகிழக்கு மாநிலங்களில் அதிகம். தெற்கே, முக்கியமாகக் கேரளத்தில், தோலுக்கடியில் வாழும் இன்னொரு இனமே மிகுதியாகக் காணப்படுகிறது. அது சில வேளை மனிதரிடமும் வந்து கண்ணின் வெண்படலத்துக்கு அடியில் நெளிந்ததைக் கேரள, இலங்கை மருத்துவர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்.

இதில் நாம் பெருமைப்படத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. யானைக்காலுக்குக் கொடுக்கப்படும் டி.இ.சி. மாத்திரை 1947இல் வெளிப்பட்டது. அதைக் கண்டறிந்த குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அதே மருந்தைத்தான் அமெரிக்காவில் பல்லாண்டுகள் நாய்களுக்கு இதயப்புழு வராமல் தினமும் கொடுத்து வந்தார்கள். பின்னர் ஐவர்மெக்டின் வந்தது. 1987 முதல் மாதம் ஒருமுறை கொடுத்தால் போதும் என்றாயிற்று. ஜப்பானிய மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரிலிருந்து அது பிறக்கக் காரணமான சதோஷி ஓமுராவும் வில்லியம் கேம்பெல்லும் 2015இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதனுக்கு ஒரு மருத்துவம், விலங்குக்கு ஒரு மருத்துவம் என்று சுவர் எழுப்புவது அறியாமை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. ஆனால் மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டினை நாய்க்கும் கொஞ்சம் போடலாம் என்று யாரும் துணிய வேண்டாம். சில இன நாய்கள் அதைத் தாங்கா. இரத்தத்தில் ஏற்கெனவே புழு இருக்கிறதா என்று சோதித்த பிறகே மருத்துவர் தொடங்குவார்.

நேர்மையாகச் சொல்வதானால், நம் ஊர் நாய்களுக்கு இதயப்புழுவைவிட அன்றாட ஆபத்து உண்ணிதான். காது மடலிலும் கால்விரல் இடுக்கிலும் திராட்சைபோல் தொங்கும் அந்த உண்ணி பரப்பும் காய்ச்சலில் நாய் மெலிந்து, ஈறு வெளுத்து, மூக்கில் இரத்தம் வடிகிறது. கொக்கிப்புழுவும் அப்படியே. அதன் இளம்புழுக்கள் மணலில் காத்திருந்து, வெறுங்காலோடு விளையாடும் குழந்தையின் தோலுக்குள் நுழைகின்றன. வெள்ளிக் கடற்கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடும் நம் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். 2011இல் தானே புயல், 2015இல் பெருவெள்ளம் என்று நீர் தேங்கிய நாட்களை நாம் மறக்கவில்லை. அத்தகைய நீரில் பரவும் எலிக்காய்ச்சல் நாயையும் பிடிக்கும், மனிதரையும் பிடிக்கும். நாய்க்கு அதற்கும் தடுப்பூசி உண்டு.

“மனிதனுக்கே மருந்துக்கு வழியில்லை, நாய்க்கு ஊசியா?” இதுதான் எப்போதும் வரும் ஆட்சேபம். நான் இதைக் கேலி செய்யமாட்டேன். நம் மாணவியர் பலருடைய வீட்டு வருமானம் எனக்குத் தெரியும். ஆனால் என் தந்தையின் 14 நாள் கூலியையும் அம்மாவின் 14 இரவுகளையும் மறுபக்கத் தட்டில் வைத்துப் பாருங்கள். குட்டிக்கு ஆறு அல்லது எட்டு வாரத்தில் டிஸ்டெம்பர், பார்வோ ஊசி தொடங்கி, 16 வாரம் வரை இடைவிட்டுத் தொடர வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, பிறகு ஆண்டுதோறும். குடற்புழு மருந்தும் அப்படியே. இத்தனைக்கும் வசதி இல்லையென்றால் வெறிநோய் ஊசியை மட்டுமாவது விடாதீர்கள். “நாட்டு நாய்க்கு நோய் வராது” என்பது இரண்டாவது ஆட்சேபம். மணி நாட்டு நாய்தான். மூன்றாவதாக, ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துப் பனி நாட்டு நாயை வாங்கிக் கடலூர் வெயிலில் மொட்டை மாடியில் கட்டிப் போடுவோரும், ஊசி என்றால் மட்டும் செலவைப் பற்றிப் பேசுகிறார்கள். அவர்களுக்கு நான் என்ன சொல்வது!

ஆண்டுதோறும் அக்டோபர் 4ஆம் நாள், அசிசியின் புனித பிரான்சிஸ் திருநாளை நாம் கொண்டாடுகிறோம். அதுவே உலக விலங்குகள் தினமும் ஆகும். மாணவியர் படம் வரைகிறார்கள், நாடகம் போடுகிறார்கள், மிகவும் நன்று. அதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. பாஸ்டர் அந்தச் சிறுவனுக்கு ஊசி போட்ட ஜூலை 6ஆம் நாள், விலங்குகளிடமிருந்து பரவும் நோய்களுக்கான தினமாக உலகெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். இவ்விரண்டில் ஒருநாளில், கால்நடை பராமரிப்புத் துறைக்கு எழுதி, நம் பள்ளி மைதானத்திலேயே தடுப்பூசி முகாம் ஒன்று நடத்தலாம். மாணவியர் வீட்டு நாய்களோடு, பள்ளிச் சுற்றுச்சுவரை ஒட்டிப் படுத்து நம் மதிய உணவின் மிச்சத்தை உண்ணும் அந்த நான்கு நாய்களுக்கும் போட்டுவிடலாம். அவற்றுக்கு வீடு இல்லையே தவிர, நம் பிள்ளைகளின் கால்கள் தினமும் அவற்றைத் தாண்டித்தான் உள்ளே வருகின்றன.

இதைத் தலைமையாசிரியை அருட்சகோதரியிடம் சொன்னபோது அவர்கள் புன்னகையோடு கேட்டது ஒரே கேள்விதான்: “எல்லாம் சரி, டீச்சர், அத்தனை நாய்களையும் யார் பிடித்துக்கொள்வது?” நியாயமான கேள்வி. யோசித்து விடை எழுதிக் கொடுத்திருக்கிறேன். வீட்டில் நாயைக் குளிப்பாட்டுகிறவர் யாரோ அவரே, அப்பாவோ அண்ணனோ, கழுத்துப்பட்டையும் கயிறும் மாட்டிப் பிடித்து வர வேண்டும். சிறுமிகள் தனியே இழுத்து வரக்கூடாது. நாய்க்கு நாய் பத்தடி தள்ளி, புங்கமர நிழலில் வரிசை. அட்டையில் பெயரும் தேதியும் எழுதுவது ஒன்பதாம் வகுப்பு. காலை 8 மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். பூனைகளை அன்று கொண்டுவர வேண்டாம்; அவற்றுக்குத் தனி நாள் கேட்டிருக்கிறேன்.